ரங்கூன் உதிரிபாகக் கடை அண்ணன்மார்களுக்கு

வணக்கம். பம்பரில் விரிசல் விட்டுவிட்டது, நல்ல ஸ்ட்ராங்கான பசையாகக் கொடுங்கள் என்று யாராவது வந்தால், உடனே சூப்பர் குளூவை எடுத்து நீட்டாதீர்கள். பம்பரின் பின்பக்கத்தில் என்ன பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம்ம ஊர் வண்டிகளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1970-ல் சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று ஆனது, ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான், அதனால் ஓட்டுகிறவர் சாலையோரமாக உட்கார்ந்திருக்க, எதிர்வண்டி உரசிப் போகிற இடது மூலை அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. என் வண்டியில் விரிசல் விட்டதும் அந்த மூலைதான், ஒரு சாண் நீளத்துக்கு. கடையில் கொடுத்த சூப்பர் குளூவைப் போட்டேன். மழை தொடங்கிப் பத்தே நாளில் வாயைப் பிளந்துவிட்டது. நகத்தால் நெம்பினால் காய்ந்த பசை மீன் செதில் மாதிரி கழன்று வந்தது, அடியில் பிளாஸ்டிக் பசையே படாதது போல வழவழவென்று இருந்தது.

அப்புறம்தான் கழற்றிப் பின்பக்கச் சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். பி.பி., ஈ.பி.டி.எம். என்று புடைத்த எழுத்து. அதாவது ரப்பர் கலந்த பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், பெரும்பாலான பம்பர்கள் இந்த வகைதான். மெழுகு மாதிரியான பரப்பு, சாதாரண எபாக்ஸி பசையும் அதில் ஒட்டாது. ஏ.பி.எஸ். என்றிருந்தால் அது வேறு வகை பிளாஸ்டிக், அதில் எபாக்ஸி பிடிக்கும். இன்னொன்று, சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும், பம்பரோ வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கி ஒவ்வொரு குழியிலும் வளைகிறது. எவ்வளவு ஸ்ட்ராங் என்பதைவிட, பசை கூடவே வளையுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே பம்பருக்கென்றே வருகிற, இரண்டு டியூப் கலக்கும் பாலியூரித்தேன் பசையையும், கூடவே அது பிடிப்பதற்காக முதலில் பூசுகிற பிளாஸ்டிக் பிரைமரையும் வாங்கி வையுங்கள். பிரைமர் இல்லாமல் அந்தப் பசையைத் தனியாக விற்காதீர்கள், பி.பி.யில் அதுவும் உரிந்து வந்துவிடும். வேலையையும் சொல்லிக் கொடுங்கள்: முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிறகு 80-ம் நம்பர் உப்புத்தாள். விரிசல் முடிகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பின்பக்கம் வலை வைத்துப் பசையில் புதைக்க வேண்டும், பலமெல்லாம் அங்கேதான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது அண்ணே.

சிலிக்கான் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் நிற்காது. பம்பரைப் பிடித்திருக்கும் காதுகள் ஒடிந்திருந்தாலோ உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தாலோ பசை விற்க வேண்டாம், பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு உடைந்த பம்பர் வாங்கியிருந்தேன். அதில் எழுத்துள்ள துண்டை அறுத்து வைத்திருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டுவீர்கள் என்றால், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கு வருகிறவன்