மாமா, அந்தப் பொட்டல மாத்திரையைக் காட்டுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை போன் செய்தார். ராத்திரி முழுக்க ஹாலில் உட்கார்ந்து சொறிந்துகொண்டே விடியவைக்கிறீர்களாம். கழுத்துத் தோல் யானைத்தோல் போலத் தடித்துவிட்டதாம். சித்ரா வீட்டு வளைகாப்புக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம்.

இதைப் போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பீர்கள். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சர்வே வேலைக்காகப் பெங்களூரைச் சுற்றி ஒசகோட்டை, ஆனேக்கல், எலஹங்கா என்று அலையும்போது, ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே சைட் என்று ஒரு காலி மனை வாங்கி, அதைப் பார்த்துக்கொள்ளப் போய்வந்து இதே அரிப்போடு இருக்கும் நம்மவர்களை நிறையவே பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் எனக்கும் அதே முகம்தான் இருந்தது.

உங்களுக்கு இரத்தம் கெட்டுப்போகவில்லை மாமா. கருவாட்டையும் கத்திரிக்காயையும் கரப்பான் பண்டம் என்று நிறுத்தியதில் உங்கள் நாக்குதான் கெட்டுப்போனது. எனக்குத் தோன்றுவது பார்த்தீனியம். உங்கள் சைட்டைச் சுற்றி இடுப்பளவுக்கு நிற்கிறதே, சின்னச் சின்ன வெள்ளைப் பூவோடு, அந்தக் காங்கிரஸ் செடி. வருஷா வருஷம் மழை தொடங்கினதும் ஆட்களைக் கூப்பிடாமல் நீங்களே வெறுங்கையால் பிடுங்குவீர்கள். "இத்தனை வருஷம் பிடுங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பீர்கள். இந்த ஒவ்வாமை இப்படித்தான் வரும். முதல் நாளே வராது. உடம்பு அந்தச் செடியைப் பல வருஷம் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று முடிவு செய்துவிடும். அதற்கப்புறம் தூசி பட்டாலே போதும்.

அந்தச் செடியின் இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய முடிகளில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. செடி காய்ந்தாலும் அது போவதில்லை. காய்ந்த துகள் காற்றில் பறந்து முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று திறந்திருக்கும் இடத்தில் எல்லாம் படியும். வெயிலால் மட்டும் வரும் அரிப்பு என்றால் மேல் இமை, காதின் பின்புறம், தாடைக்குக் கீழ் என நிழல் விழும் இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். தூசிக்கு நிழலும் வெயிலும் ஒன்றுதான். உங்களுக்கு இமை வீங்கியிருக்கிறது, காதின் பின்னால் வெடித்திருக்கிறது என்று அத்தை சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாள்பட நாள்பட சில பேருக்கு வெயிலும் சேர்ந்துகொண்டு படுத்தும். நடுப்பகலில் சைட்டுக்குப் போய்வந்த அன்று ராத்திரி அதிகமாக இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

சாமந்தியும் இதே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சில பேருக்குச் சாமந்தியும் ஆகாது. போன ஆயுத பூஜைக்குக் கே.ஆர். மார்க்கெட்டில் இருந்து கூடை கூடையாக வாங்கிவந்து, வண்டிக்கும் கதவுக்கும் மாலை கட்டினீர்கள். அதற்கடுத்த வாரம்தான் முகம் ஊதியது என்று ஞாபகம். பட்டாசுப் புகை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம், தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தபோதே!

இந்தச் செடி நம் ஊர்க்காரன் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். 1950களின் நடுவில் புணேயில் கண்டு எழுதினார்கள். இப்போது நாடு முழுக்க இருக்கிறது. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும் என்கிறார்கள், அப்புறம் எங்கே ஒழிப்பது? இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து 1984-ல் நம் பெங்களூரில்தான் முதலில் விட்டார்கள். மழைக்காலத்தில் உங்கள் சைட் பக்கமே பார்க்கலாம்: வெளுத்த உடம்பில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு, இலையைச் சல்லடையாக்கிவிடும். ஆனால் மழை நின்றதும் அது மண்ணுக்குள் போய்விடுகிறது. விதை போகாது.

சரி, மருந்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் பேப்பரில் மடித்துத் தரும் குட்டி மாத்திரை, பேர் இல்லை, அட்டை இல்லை. போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. விட்டால் பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வருகிறது. மறுபடி போய் வாங்குகிறீர்கள். நடுநடுவே ஒரு ஊசி. அது என்ன மாத்திரை என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வேகமும், உங்கள் முகம் உருண்டதும், இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த சர்க்கரை திடீரென்று ஏறியதும், லேசாக இடித்தாலே கையில் நீலம் பாய்வதும் ஸ்டீராய்டைத்தான் காட்டுகின்றன. ஸ்டீராய்டு விஷம் இல்லை. தோல் மருத்துவரே அளவு பார்த்து, கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார். பேர் தெரியாமல், கணக்கு இல்லாமல், வருஷக்கணக்கில் போனால்தான் எலும்பையும் கண்ணையும் சர்க்கரையையும் ஒருசேரப் பதம் பார்க்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ரோஷம் எனக்குத் தெரியும். நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது வரை போகலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை அந்தப் பொட்டலம் பத்திரமாக இருக்கட்டும், அவரிடம் காட்ட வேண்டும்.

முதலில் நடக்க வேண்டியது பேட்ச் டெஸ்ட். ஊசி கிடையாது, இரத்தம் எடுப்பது கிடையாது. முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் மருந்து வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். நிக்கல், சிமெண்டில் இருக்கும் குரோமியம், வாசனைப் பொருள், நம் ஊருக்கென்றே பார்த்தீனியம் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. 48 மணி நேரம் முதுகு நனையக்கூடாது. அப்புறம் எடுத்துப் பார்ப்பார்கள், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். எது சிவந்து தடிக்கிறதோ அதுதான் ஆள். ஸ்டீராய்டு அதிகமாக உடம்பில் இருந்தால் சோதனை பொய் சொல்லிவிடும் என்பதால், எப்போது செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். சிவாஜிநகர் பவுரிங், மார்க்கெட் பக்கம் விக்டோரியா என்று அரசு மருத்துவமனைகளிலேயே தோல் பிரிவு இருக்கிறது. வரிசை நீளமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பவுரிங் வரிசையில் பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள். உங்களுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது.

எனக்குக் கடைசியில் பலன் கொடுத்தது அசதயோப்ரின் என்ற மாத்திரை. சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்துவந்த பழைய மருந்து. தில்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்தீனிய அரிப்புக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள். 2008-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு அசதயோப்ரினும் மற்றவர்களுக்குப் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் 6 மாதம் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கேட்டன. பக்க விளைவும், நிறுத்திய பின் திரும்ப வருவதும் ஸ்டீராய்டில்தான் அதிகம். என் மருத்துவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவிலேயே என்னைத் திட்டுவீர்கள். இந்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். முதல் சில வாரம் ஒன்றுமே தெரியாது. பொட்டல மாத்திரையின் வேகத்துக்குப் பழகியவருக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். இரத்த அணுக்களையும் ஈரலையும் கவனிக்க முதலில் அடிக்கடி, அப்புறம் இடைவெளி விட்டு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். காய்ச்சல் வந்தால் சும்மா இருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். அப்புறம் முக்கியமானது: யூரிக் அமிலத்துக்கு நீங்கள் அல்லோபியூரினால் சாப்பிடுகிறீர்கள். அதுவும் இதுவும் சேர்ந்தால் ஆபத்து, இரத்த அணுக்கள் படுவேகமாகக் குறைந்துவிடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது என்று அவர் வேறு மருந்து எழுதலாம், மெத்தோட்ரெக்சேட் மாதிரி. அது அவர் பாடு. முகத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு எழுதினால் முதல் சில நாள் எரியும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

அலர்ஜி மாத்திரை என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிறீர்களே, அது தூங்கவைக்கும். இந்த வகை அரிப்பை அடக்காது. வேப்பிலை, குப்பைமேனி எல்லாம் அரைத்துப் பூசுவதையும் வெடித்த தோலில் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே ஒரு செடியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற தோல் அது. குளித்ததும் ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவுங்கள், போதும்.

மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தினமும் அந்தக் காற்றில் நின்றால் தோற்றுப்போகும். ஒவ்வாமை முழுக்கப் போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள், அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், வேலையை விட முடியாது. முழுக்கை சட்டை, தொப்பி, மாஸ்க் இல்லாமல் சைட்டில் கால் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறை. போட்டிருந்த துணி தனி வாளியில். உங்களுக்குச் சைட் பக்கம் போகவே தேவையில்லை. பூ வைப்பதற்கு முன் ஆட்களை வைத்து வேரோடு பிடுங்கச் சொல்லிவிடுகிறேன், கையுறையோடு. இயந்திரம் வைத்து வெட்டுகிற நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள், அது தூளாக்கி ஊர் முழுக்கத் தெளிக்கும். மொட்டை மாடியில் துணி உலர்த்துவதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. தனித் தட்டு, தனித் துண்டு என்று ஒதுங்கி உட்காருகிறீர்களாம், குழந்தைகளைத் தூக்குவதில்லையாம். இது தொற்றாது மாமா. முடி வெட்டுகிற கடையில் யாரோ முகம் சுளித்தார்கள் என்பதற்காகப் பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைப்பது அநியாயம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போனவர்களும் உண்டு. கோபம் வரும், வரட்டும். வளைகாப்புக்கு வாருங்கள். ஒரு முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் செடி அலர்ஜி என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் விஷயம். சாமந்தி மாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியோடு வருகிறேன். சீட்டு சீக்கிரம் போட்டால்தான் மத்தியானத்துக்குள் திரும்ப முடியும். பொட்டல மாத்திரை, தடவுகிற டியூப் எல்லாம், சர்க்கரை ரிப்போர்ட், யூரிக் அமில மாத்திரை அட்டை, ஆதார் கார்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முதுகில் எதையும் தடவிக்கொண்டு வரவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்