'அப் டு' ஸ்பீடு போதாது, குறைஞ்சபட்ச ஸ்பீடை எழுதிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க தொழில்நுட்ப இணைப்புல பழைய நெட்வொர்க்குகள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். ஃப்ரேம் ரிலே, அதாவது ஊர் ஊரா இருக்குற ஆபீஸ்களை தொலைத்தொடர்பு கம்பெனியோட நெட்வொர்க் வழியா இணைச்ச பழைய முறை, அதுக்கு ரெண்டே வரி, ஸ்பீடு கம்மி அதனால போயிடுச்சுன்னு முடிச்சிட்டாங்க. போயிடுச்சுங்கறது சரிதான், 2016ல சிஸ்கோ கம்பெனி நடத்துற சிசிஎன்ஏங்கற நெட்வொர்க் பரீட்சை சிலபஸ்ல இருந்தே அதை எடுத்தாச்சு, எம்பிஎல்எஸ், ஈதர்நெட்னு புது இணைப்பு முறைகள் வந்தப்பறம் புதுசா யாரும் அந்த லிங்க் கேக்கல. ஆனா அந்த லிங்க்குக்கான பாக்ஸை, அதாவது ரவுட்டரை, உக்காந்து கான்ஃபிகர் பண்ணின என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு நல்லா தெரியும், கஸ்டமருக்கு இவ்வளவு ஸ்பீடு உறுதின்னு ஒரு நம்பர் எழுத்துல இருக்கும், அந்த நம்பரை வெச்சுத்தான் பாக்ஸையே செட் பண்ணுவோம். இன்னிக்கு வீட்டுக்கும் கடைக்கும் பிராட்பேண்ட் விக்கிறவங்க அந்த நம்பரை மட்டும் வாயே திறந்து சொல்றதில்ல. அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போட்டீங்கன்னா சந்தோஷம்.

தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம். 2000களோட ஆரம்பத்துல சென்னையில ஹெட் ஆபீஸ், மதுரை சேலம் திருநெல்வேலின்னு பிராஞ்ச் வெச்சிருக்குற ஒரு கம்பெனி ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு நமக்கே நமக்கான லைன், எடுத்தா கட்டுப்படியாகாது, தூரம் கூடக்கூட வாடகையும் கூடும். அதனால ஒவ்வொரு ஆபீஸ்ல இருந்தும் புரவைடரோட, அதாவது லைன் குடுக்குற கம்பெனியோட, பக்கத்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஒரே ஒரு லைன், அதுக்கப்பறம் அவங்களோட ஃப்ரேம் ரிலே நெட்வொர்க், அதுக்குள்ள நமக்குன்னு ஒதுக்கின பாதை, அதைத்தான் பிவிசின்னு சொல்லுவோம். நம்ம பக்கம் இருக்குற பெட்டி அக்சஸ் டிவைஸ். பேங்க்ல பழைய ஐபிஎம் டெர்மினல் ஓடிட்டு இருந்தா அதோட எஸ்டிஎல்சிங்கற பழைய வகை டேட்டாவை ஃப்ரேமுக்குள்ள, அதாவது டேட்டா பொட்டலத்துக்குள்ள, வெச்சு அனுப்பறதுக்கு தனிப் பெட்டி வாங்குவாங்க, மத்த இடத்துல சீரியல் போர்ட் இருக்குற ஒரு ரவுட்டரே போதும்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புரவைடர்கிட்ட இருந்து ஒரு பேப்பர் வரும். போர்ட் ஸ்பீடு எவ்வளவு, ஒவ்வொரு பாதைக்கும் குடுக்குற டிஎல்சிஐ நம்பர் என்ன, எல்எம்ஐ எந்த வகை, சிஐஆர் எவ்வளவு (இது ரெண்டும் என்னன்னு கீழ சொல்றேன்), எல்லாம் அதுல இருக்கும். அந்தப் பேப்பர் கைக்கு வராம ரவுட்டரை செட் பண்ற கன்சோல் கேபிளையே எடுக்காதேன்னு எங்க சீனியர் ஒருத்தர் சொல்லுவார், அவ்வளவு கறார்.

ரவுட்டரையும் மோடத்தையும் இணைக்கிற வி.35 கேபிள் சொருகி மோடத்துல சிங்க் லைட் நின்னு எரிஞ்சாத்தான் அடுத்த வேலை. என்கேப்சுலேஷன், அதாவது டேட்டாவைப் பொதியற விதம், ஃப்ரேம் ரிலேன்னு குடுத்தா சிஸ்கோ ரவுட்டர் தன்னோட சொந்த வகையை எடுத்துக்கும், எதிர்ப்பக்கம் வேற பிராண்டு பாக்ஸ்னா எல்லா பிராண்டுக்கும் பொதுவான ஐஈடிஎஃப் வகைன்னு சேர்த்து குடுக்கணும், இல்லன்னா லைன் அப்ல இருக்கும் ஆனா ஒரு பிங், அதாவது சோதனைச் செய்தி, கூட போகாது. அப்பறம் எல்எம்ஐ, அதாவது நம்ம பாக்ஸும் புரவைடரோட சுவிட்சும் ஒருத்தரை ஒருத்தர் உயிரோட இருக்கியான்னு கேட்டுக்கறது. பத்து செகண்டுக்கு ஒரு தடவை நம்ம பாக்ஸ் கேக்கும், சுவிட்ச் பதில் சொல்லும், ஆறாவது தடவை கேக்கறப்ப எந்தெந்த பிவிசி எந்த நிலைமையில இருக்குன்னு முழு லிஸ்ட்டும் வரும். சிஸ்கோ வகைன்னா இந்தப் பேச்சு டிஎல்சிஐ 1023ல நடக்கும், ஆன்சி வகையும் க்யூ933ஏ வகையும் 0ல நடக்கும், ரெண்டு பக்கமும் வேற வேற வகையில இருந்தா ஷோ ஃப்ரேம் ரிலே எல்எம்ஐங்கற கமாண்டை அடிச்சதுமே தெரிஞ்சிடும், அனுப்பின கேள்வியோட எண்ணிக்கை ஏறிட்டே போகும், வந்த பதில் நகராம அப்படியே நிக்கும்.

டிஎல்சிஐ விஷயத்துல புதுப் பசங்க நிறைய பேர் குழம்புவாங்க. சென்னை பாக்ஸ்ல மதுரைக்குப் போற பாதைக்கு 102ன்னு இருக்கும், மதுரை பாக்ஸ்ல அதே பாதைக்கு 201ன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல, அந்த நம்பர் நம்ம பாக்ஸுக்கும் நமக்கு எதிர்ல இருக்குற சுவிட்சுக்கும் நடுவுல மட்டும்தான் செல்லும். பிவிசி ஸ்டேட்டஸ் பாத்தா யாருக்கு போன் போடணும்னே சொல்லிடும். ஆக்டிவ்னா பாதை சரி, இனாக்டிவ்னா நம்ம பக்கம் ஓகே தூரத்துல இருக்குற முனையில ஏதோ பிரச்சனை, அந்த பிராஞ்ச்ல கரண்ட் இருக்கான்னு கேளு. டெலிட்டட்னா நீ போட்ட நம்பர் சுவிட்ச்லயே இல்ல, பேப்பரை மறுபடி பாரு, பேப்பர் சரின்னா புரவைடரைப் பிடி. யார் மேல தப்புன்னு தெளிவா சொல்ற அந்த மாதிரி ஒரு ஸ்க்ரீன் இன்னிக்கு வீட்டு ரவுட்டர்ல எங்கங்க இருக்கு?

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், சிஐஆர். கமிட்டட் இன்ஃபர்மேஷன் ரேட், அதாவது புரவைடர் உறுதி குடுத்த ஸ்பீடு. மதுரை பிராஞ்சுக்கு போர்ட் 128 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 128 ஆயிரம் பிட்), சிஐஆர் 64 கேபிபிஎஸ்னு வெச்சுக்குவோம். செகண்டை எட்டா வெட்டி 125 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கணக்கு பாத்தா, ஒவ்வொரு தடவையும் 8000 பிட் வரைக்கும் உறுதி, அதை கமிட்டட் பர்ஸ்ட், சுருக்கமா பிசி (Bc)ன்னு சொல்லுவோம், அதுக்கு மேல இன்னொரு 8000 பிட் இடம் இருந்தா போகலாம், அது எக்ஸஸ் பர்ஸ்ட், பிஈ (Be). அந்த எக்ஸ்ட்ராவா போற ஃப்ரேம் மேல டிஈன்னு ஒரு பிட்டை சுவிட்ச் ஏத்தி விட்டுடும், நெட்வொர்க்ல நெரிசல் வந்தா முதல்ல தூக்கி எறியறது அதைத்தான். ரிசர்வ் பண்ணின சீட்டும் ஸ்டாண்டிங்ல ஏறுறதும் மாதிரின்னு சொன்னா உங்க வாசகர்களுக்கு டக்குன்னு புரியும். நெரிசலை முன்கூட்டியே சொல்றதுக்கு ஃபெக்ன், பெக்ன்னு ரெண்டு பிட்டும் உண்டு, பெக்ன் வந்தா வேகத்தைக் குறைன்னு நம்ம பாக்ஸ்ல செட் பண்ணி வெச்சா அது தானாவே படிப்படியா இறங்கும், ஆனா மின்சிஐஆர்னு நாம போட்டு வெச்ச அளவுக்குக் கீழ போகாது.

ஹெட் ஆபீஸ்ல 2 எம்பிபிஎஸ் போர்ட், பிராஞ்ச்ல 128. ஹெட் ஆபீஸ் பாக்ஸை சும்மா விட்டா மதுரைக்கு 2 எம்பிபிஎஸ் வேகத்துல கொட்டும், நடுவுல எல்லாம் டிராப் ஆகி பிராஞ்ச்ல உக்காந்திருக்குறவங்க ஸ்க்ரீன் அப்படியே நிக்கும். அதனால ஹெட் ஆபீஸ் பக்கம் டிராஃபிக் ஷேப்பிங், அதாவது அனுப்பற வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு, போட்டே ஆகணும். அதுல ஒரு சூட்சுமம், மெயின் இன்டர்ஃபேஸ்ல ஷேப்பிங்கை ஆன் பண்ணிட்டு ஏதாவது ஒரு பிராஞ்ச் பிவிசிக்கு மட்டும் மேப் கிளாஸ், அதாவது அந்தப் பாதைக்கான வேக அளவு, போடாம விட்டா சிஸ்கோ பாக்ஸ் அந்த பிவிசியை தானாவே 56 கேபிபிஎஸ்ல கட்டிடும், காசு குடுத்தது 256க்கா இருந்தாலும் சரி. இதெல்லாம் ஒவ்வொண்ணா சரி பாத்து, பேப்பர்ல இருக்குற நம்பரும் பாக்ஸ்ல இருக்குற நம்பரும் டேலி ஆச்சுன்னா மட்டும்தான் கையெழுத்து போட்டு ஒப்படைப்போம். லிங்க் ஸ்லோன்னு கஸ்டமர் சொன்னா பேச்சே வேணாம், ஷோ ஃப்ரேம் ரிலே பிவிசி அடிச்சா எத்தனை டிராப், எத்தனை டிஈ, எத்தனை பெக்ன்னு கவுண்டர்லயே இருக்கும். உறுதி குடுத்த 64க்குள்ளயே அனுப்பியும் எதிர்முனைக்கு ஃப்ரேம் போய்ச் சேரலன்னா புரவைடர் பதில் சொல்லித்தான் ஆகணும்.

இப்ப இதையும் இன்னிக்கு நம்ம தெருவுல நடக்கறதையும் வெச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கேன் சென்டர், 100 எம்பிபிஎஸ் ப்ளான், மாசாமாசம் பில் ஒழுங்கா கட்டுறாங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல டாக்டருக்கு ஒரு ஸ்கேன் ஃபைல் அனுப்ப அரை மணி நேரம் சக்கரம் சுத்துது, நோயாளி வெளிய பெஞ்சுல காத்துட்டு இருக்காங்க. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணினா "அப் டு 100தானே சார் சொன்னோம்"னு பதில். விளம்பரத்துல 100 பெருசா இருக்கு, அந்த 'அப் டு' எறும்பு சைஸ்ல இருக்கு. சரிங்க, மேல எவ்வளவுன்னு சொல்லிட்டீங்க, கீழ எவ்வளவுன்னு எங்க எழுதியிருக்கு?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒண்ணும் செய்யலன்னு நான் சொல்லல. 2006ல போட்ட தர விதியில சந்தா கட்டின ஸ்பீடுல 80 சதவீதத்துக்கு மேல வரணும்னு இருந்துச்சு, ஆனா அது ஐஎஸ்பியோட, அதாவது இன்டர்நெட் குடுக்குற கம்பெனியோட, நோடுல (இணைப்பு மையத்துல) இருந்து யூசர் வரைக்கும் மட்டும். நெரிசல் பெரும்பாலும் அந்த நோடுக்கு அந்தப் பக்கம்தான், ஒரே குழாய்ல எத்தனை பேரைச் சேர்த்திருக்காங்கங்கற இடத்துலதான். பிராட்பேண்ட்ங்கற பேருக்கு 2004 பாலிசில குறைஞ்சது 256 கேபிபிஎஸ்னு இருந்ததை 2013ல 512 கேபிபிஎஸ்னும், 2023ல 2 எம்பிபிஎஸ்னும் ஏத்தினாங்க, நல்லதுதான், ஆனா 100ன்னு வித்துட்டு சாயங்காலம் 5 வந்தாலும் அந்த வரையறைப்படி அதுவும் பிராட்பேண்ட்தான்.

பெரிய கம்பெனிங்க இன்டர்நெட் லீஸ்டு லைன் எடுத்து ஒப்பந்தத்துல எல்லாம் எழுதி வாங்கிக்கறாங்க, அவங்களுக்கு இன்னிக்கும் கமிட்டட் ரேட் உண்டு. ஆனா அதோட விலை ஸ்கேன் சென்டருக்கும், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கும், வீட்டுல உக்காந்து ஆன்லைன் டியூஷன் எடுக்குற டீச்சருக்கும் எட்டாது. அவங்களுக்கும் 100 உறுதியா குடுன்னு நான் கேக்கல, அந்த விலைக்கு அது முடியாதுன்னு தொழில்ல இருக்குற எனக்கே தெரியும். 100 அப் டு, ஆனா எந்த நேரத்துலயும் 10க்கு கீழ போகாதுன்னு சொல்லுங்க, 10 முடியலன்னா 5ன்னு சொல்லுங்க, அதை பில்லுல 100 பக்கத்துலயே அதே சைஸ் எழுத்துல போடுங்க. 64 கேபிபிஎஸ் லைனுக்கே இதை எழுதிக் குடுத்து, செகண்டுக்கு எட்டு தடவை கணக்கு பாத்து நடத்தின தொழில் இது, இப்ப ஃபைபர் போட்டுட்டு முடியாதுன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

உங்க பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். நுகர்வோர் பக்கத்துல ஒரு வாரம் நம்ம ஊர்ல ஓடுற எல்லா பிராட்பேண்ட் கம்பெனிக்கும் இந்த ஒரே கேள்வியை அனுப்புங்க, உங்க ப்ளான்ல குறைஞ்சபட்ச ஸ்பீடு எவ்வளவு, அது சந்தா ஃபார்ம்ல எந்த வரியில இருக்குன்னு. என்ன பதில் வருதோ அப்படியே போடுங்க, பதில் வராத இடத்துல கம்பெனி பேருக்கு நேரா வெறும் கட்டமா விடுங்க.

இப்படிக்கு,
நெட்வொர்க் டெக்னீஷியன் ஒருவர்,
திருச்சி