ரெவ் மேட்ச்ச திட்டாத மாப்ள, கிளட்ச்ச பாரு

மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடணும் போடணும்னு நெனச்சுட்டே நாள் ஓடிருச்சு, சின்னவளுக்கு பரீட்சை நேரம், வீட்ல ஆளாளுக்கு ஒரு அலைச்சல். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தே, படிச்சதும் மனசு லேசாச்சு. நீ மெல்போர்ன் திரும்பறப்ப வாசல்ல நின்னு அழுதாங்கன்னு வேற எழுதியிருந்தே, ஞாயித்துக்கெழம நான் போன் பண்ணி பேசறேன்.

சரி, வண்டி விஷயத்துக்கு வரேன். டொயோட்டா ஜிஆர் 86 எடுக்கறதா ஜிஆர் கரோலா எடுக்கறதான்னு கேட்டுட்டு, கூடவே "கரோலால கியர் எறக்கினா அதுவே ரெவ் மேட்ச் பண்ணிக்குதாம், அப்பறம் எதுக்குடா மேனுவல்"னு ஒரு வரி எழுதியிருந்தே பாரு, அந்த வரிக்குத்தான் இந்த லெட்டர். ரெவ் மேட்ச்னா வேற ஒண்ணுமில்ல, கீழ் கியர் போடறப்ப அந்த கியருக்கு ஏத்த மாதிரி இன்ஜின் வேகத்த ஏத்தி வெக்கறது.

நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். போன அக்டோபர்ல ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுத்தப்ப வீட்டு வாசல்ல நிறுத்தினதும் மொத வேலையா ஸ்க்ரீன்ல செட்டிங்ஸ்க்குள்ள போய் அத ஆஃப் பண்ணேன், என் காலு செய்யற வேலைய கம்ப்யூட்டர் எதுக்கு செய்யணும்னு அவ்ளோ பிடிவாதம். இப்ப எட்டு மாசம் ஓட்டின பொறவு அந்த கோவம் சுத்தமா போயிருச்சு. கோவப்பட வேண்டிய ஆளு வேற.

உங்கப்பா பழைய லாரில டபுள் கிளட்ச் போட்டு ஓட்டுவாருல்ல, சங்ககிரில இருந்து தொப்பூர் தாண்டி போறப்ப ஒருதடவ நம்ம ரெண்டு பேரையும் கேபின்ல உக்கார வெச்சு கூட்டிட்டு போனாரே. எறக்கத்துக்கு முன்னாடியே கிளட்ச் அமுக்கி நியூட்ரல், கிளட்ச விட்டு ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், அப்பறம் கீழ் கியர். அந்த பாக்ஸ்ல சிங்க்ரோமெஷ் கெடையாது, உள்ள சுத்தற பல்லோட வேகத்த டிரைவர்தான் ரேஸ் குடுத்து கொண்டுவந்து சேக்கணும், இல்லன்னா கரகரன்னு கத்தும். இப்ப வர்ற கார்ல அந்த பல்ல சேக்கற வேலைய சிங்க்ரோ பாத்துக்குது. ஆனா இன்ஜின் வேகம்னு ஒண்ணு மிச்சம் இருக்கே, அத சிங்க்ரோ ஒண்ணும் பண்ண முடியாது. என் வண்டில மூணாவது கியர்ல 3,000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தி போயிட்டிருந்தா அதே வேகத்துக்கு ரெண்டாவது கியர்ல இன்ஜின் சுமாரா 4,100ல சுத்தணும். அந்த 1,100ஐ ரேஸ் குடுத்து ஏத்தாம கிளட்ச விட்டா, சக்கரம் போய் இன்ஜின இழுத்து சுத்த வைக்கும், வண்டி தலைய ஆட்டும், கிளட்ச் ப்ளேட் தேயும், மழைல பின்சக்கர வண்டியா இருந்தா பின்னாடி வாலு விலகிரும். பிரேக்கயும் பிடிச்சுக்கிட்டு அதே வலது கால் ஓரத்தால ஆக்சிலேட்டர தட்டறதுதான் ஹீல் அண்ட் டோ.

இந்த ரேஸ் குடுக்கற வேலைய தானா பண்ற மேனுவல் கார மொதல்ல கொண்டு வந்தது நிஸ்ஸான், 370இசட்ல, 2009 மாடல். கிளட்ச் பெடல்ல ஒரு சென்சார், கியர் லிவர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க ஒண்ணு, வண்டி வேகம் ஏற்கனவே தெரியும், அத வெச்சு கணக்கு போட்டு த்ராட்டில, அதான் இன்ஜினுக்கு காத்து விடற கதவ, தொறந்துரும். அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது 2014 கார்வெட்ல செஞ்ச வேலை, ஸ்டீயரிங்குக்கு பின்னாடி ரெண்டு பேடில், அது கியர் மாத்தறதுக்கு இல்ல, ரெவ் மேட்ச ஆன் ஆஃப் பண்றதுக்கு, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல கூட மாத்திக்கலாம். போர்ஷ 718 ஜிடி4லயும் தனி பட்டன் உண்டு. போன தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3ல மட்டும் டிஎஸ்சிய முழுசா ஆஃப் பண்ணாத்தான் அதுவும் ஆஃப் ஆகும், ஒருத்தன் தன் காலால ரேஸ் குடுக்க ஆசப்பட்டா வழுக்காம காப்பாத்தற சிஸ்டத்தயே விடணும்னு வெச்சது தப்புன்னு இன்னிக்கும் சொல்லுவேன். கரோலால பட்டன் இருக்கு, வேண்டாம்னா விட்டுரலாம். 86ல அந்த சமாச்சாரமே கெடையாது.

ஏப்ரல்ல டெயில் ஆஃப் த டிராகன்னு சொல்ற மலை ரோட்டுக்கு போயிட்டு வந்தேன். டென்னசி, நார்த் கரோலினா எல்லைல 129ம் நம்பர் ரோடு, 11 மைல்ல 318 வளைவுன்னு போட்டிருப்பாங்க, நம்ம கொல்லிமலை 70 கொண்டை ஊசி மாதிரி முதுக திருப்பற வளைவு கம்மி, ஆனா ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துரும், மூணும் ரெண்டும் மாத்தி மாத்தி கை ஓயாது. ஷார்லட்ல இருந்து விடியறதுக்கு முன்னாடி கெளம்பி, போறப்ப ரெவ் மேட்ச் ஆஃப்ல போனேன், திரும்பறப்ப லேசா தூறல், ஆன் பண்ணேன். வலது கால் பிரேக்ல மட்டும் இருக்கறதால பிரேக் ஒரே சீரா விழுந்துச்சு, ஒவ்வொரு தடவயும் இன்ஜின் சரியா அந்த எடத்துல வந்து நின்னுச்சு. நான் நல்லா பண்ணின பத்து தடவைக்கும் அது பண்ணினதுக்கும் வித்தியாசம் தெரியல, நான் சரியா பண்ணாத மூணு நாலு தடவைக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு கவனிச்சேன் மாப்ள, வண்டி என்கிட்ட இருந்து தள்ளிப் போன மாதிரியே தோணல. ஏன்னா கிளட்ச் அப்படியே இருந்துச்சு, எங்க புடிக்குது எங்க விடுதுன்னு இடது காலுக்கு தெளிவா சொல்லிட்டே இருந்துச்சு.

அங்கதான் எனக்கு புரிஞ்சுது. மேனுவல் ஓட்டற சொகத்த கெடுக்கறது ரெவ் மேட்ச் இல்ல, பெடலுக்கும், கிளட்ச் ப்ளேட்ட அமுக்கிப் புடிக்கற ப்ரஷர் ப்ளேட்டுக்கும் நடுவுல கொண்டுபோய் வெக்கற சாமானுங்கதான். பெடலுக்கு மேல ஒரு ஹெல்பர் ஸ்ப்ரிங் வெப்பாங்க, டிராஃபிக்ல கால் வலிக்கக் கூடாதுன்னு. பாதி தூரம் அமுக்கினதும் அந்த ஸ்ப்ரிங் மறுபக்கம் சாஞ்சு பெடல தானே கீழ இழுக்கும். விடறப்பவும் அதே கதைதான், கிளட்ச் புடிக்கற எடத்துல ப்ளேட்டோட எதிர்ப்ப கால் உணரணும், ஆனா கால் உணர்றது ஸ்ப்ரிங்கோட கனம். இதுக்கு முன்னாடி நான் வெச்சிருந்த வண்டில ரெண்டு வருஷம் ஒவ்வொரு சிக்னல்லயும் கொஞ்சம் குலுங்கித்தான் கெளம்புவேன், என் காலுதான் சரியில்லன்னு நெனச்சுட்டிருந்தேன், ஒரு சனிக்கெழம அந்த ஸ்ப்ரிங்க கழட்டிட்டு ஓட்டினேன், பெடல் கனமாச்சு, ஆனா மொத சிக்னல்லயே கால் எடத்த கண்டுபிடிச்சுருச்சு. முதல் தலைமுறை 86 வெச்சிருக்கற நெறைய பேரு அந்த ஸ்ப்ரிங்க மாத்திப் போடறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு டிலே வால்வு. பெடல் அமுக்கறத ஆயில் வழியா கிளட்சுக்கு கொண்டுபோற ஹைட்ராலிக் லைன்ல ஒரு சின்ன துவாரம், நீ காலை சட்டுனு எடுத்தாலும் ஆயில் மெதுவாத்தான் திரும்பும், கிளட்ச் அதோட இஷ்டத்துக்கு லேட்டா புடிக்கும். பிஎம்டபிள்யூவோட பழைய 3 சீரிஸ், அந்த ஈ46 காலத்து ஆளுங்க கழட்டி எறியற மொத சாமான் அது. கியர்பாக்ஸுக்கு அடி விழாம இருக்க வெச்சதுதான், ஆனா கால் ஒண்ணு சொல்ல வண்டி இன்னொண்ணு செய்யறது எனக்கு ஆகல. ரெவ் ஹேங் அதுக்கும் மேல. காலை எடுத்ததும் த்ராட்டில ஒடனே மூடினா பொகை கணக்கு கெட்டுரும்னு கொஞ்ச நேரம் தொறந்து வெக்கற மாதிரி ப்ரோக்ராம் எழுதியிருப்பாங்க, மேல் கியர் போடறப்ப ஆர்பிஎம் முள்ளு எறங்காம தொங்கும், நீ காத்துட்டு இருக்கணும், இல்லன்னா குலுங்கணும். ஒரு நாளைக்கு நாம போடற கியர்ல பாதி மேல் கியர்தானே. என் வண்டில ஃப்ளைவீல, அதான் இன்ஜினோட சேந்து சுத்தற கனமான சக்கரத்த, போன மாடல விட 18 சதவீதம் லேசாக்கியிருக்காங்க, முள்ளு சட்டுனு எறங்குது, எனக்கு அதுதான் ரெவ் மேட்ச விட பெரிய விஷயம்.

பெரியவளுக்கு பதினாறு முடிஞ்சுது, மேனுவல் கத்துக்கணும்னு அவளே கேட்டா, எனக்கு இருந்த சந்தோஷத்த இங்க எழுத முடியல. காலி பார்க்கிங்ல ஆக்சிலேட்டர தொடவே கூடாதுன்னு சொல்லிட்டு கிளட்ச மட்டும் விட்டு வண்டிய நகத்த சொன்னேன். பத்து தடவ ஆஃப் ஆச்சு. பதினோராவது தடவ நகந்துச்சு, "அப்பா, ஒரு எடத்துல பெடல் லேசா துடிக்குது, அங்க நிறுத்தினா போகுது"ன்னா. நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல மாப்ள, அந்த பெடல் சொல்லிக் குடுத்துச்சு. ரெவ் மேட்ச ஆன்லதான் வெச்சிருக்கேன் அவளுக்கு, ஹீல் அண்ட் டோ அடுத்த வருஷம் பாக்கலாம்.

அதனால நீ டெஸ்ட் டிரைவ் போனா ரெண்டு வண்டிலயும் மொதல்ல இத பண்ணு. சமதளத்துல ஆக்சிலேட்டர் தொடாம கெளப்பிப் பாரு, துடிப்பு காலுக்கு வருதான்னு. அப்பறம் ரெண்டாவதுல 4,000 வரைக்கும் போய் மூணாவது போடறப்ப முள்ளு கூடவே எறங்குதா தொங்குதான்னு பாரு. எனக்கு மனசு 86 பக்கம்தான் சாயுது, ஆனா அங்க மழைல தெனம் ஆபீஸ் போகணும்னா கரோலாவோட நாலு சக்கர டிரைவ் தப்பில்ல, ரெவ் மேட்சுக்காக மட்டும் அத ஒதுக்காத.

அப்பறம் அப்பாகிட்ட பேசறப்ப எனக்காக ஒண்ணு கேட்டு வை. தொப்பூர் எறக்கத்துல லோடோட கீழ் கியர் போடறப்ப எவ்ளோ ரேஸ் போதும்னு அவருக்கு எப்படி தெரியும், அந்த லாரில ஆர்பிஎம் முள்ளே பாத்த ஞாபகம் எனக்கு இல்ல, சத்தத்த வெச்சா, இல்ல லிவர் கைல அதிர்றத வெச்சா. பெரியவளும் தெரிஞ்சுக்கணும்னு கேட்டுட்டே இருக்கா.

அன்போட,
உன் மச்சான்