ஒன்பதாம் வகுப்பில் ஒடிசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே நியூ ஜெர்சியில் மார்ச் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. விடிந்தும் விடியாமல் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

ஆங்கில டீச்சராகப் போனவள் கிரேக்கக் கதையை ஏன் நடத்துகிறாய் என்று போனில் கேட்டீர்களே. இங்கே நிறையப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திலேயே பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியம் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். 24 காண்டங்கள், 12,000 வரிகளுக்கு மேல். அத்தனையும் நடத்த நேரம் ஏது? ஒற்றைக்கண் அரக்கன், சூனியக்காரி, கடைசியில் வில் போட்டி என்று பொறுக்கி எடுத்து முடித்துவிடுவதுதான் வழக்கம்.

நான் முதல் காண்டத்தில் தொடங்கினேன். அங்கே கதாநாயகன் ஒடிசியஸ் கிடையாது. ஐந்தாம் காண்டத்தில்தான் அவன் நேரில் வருகிறான். முதலில் நாம் பார்ப்பது மகன் டெலிமாக்கஸை. அப்பா டிராய்ப் போருக்குப் போனபோது கைக்குழந்தை, இப்போது இருபது வயது. அம்மா பெனலப்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று 108 பேர் வீட்டில் வந்து உட்கார்ந்து ஆடு மாடுகளை அடித்துத் தின்கிறார்கள். அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த நிலையிலும் வாசலில் ஒரு விருந்தாளி நிற்பதை முதலில் பார்ப்பவன் அவன்தான். ஓடிப்போய் ஈட்டியை வாங்கி வைத்து, உட்காரவைத்து, சாப்பாடு போட்ட பிறகுதான் யார் நீங்கள் என்று கேட்கிறான். வந்திருப்பது மாறுவேடத்தில் அதீனா தேவி. நீ ஒடிசியஸின் மகனா என்று அவள் கேட்க, அம்மா அப்படித்தான் சொல்கிறாள், எனக்கு எப்படித் தெரியும் என்கிறான்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன், "அப்பாவைத் தேடிப் போவானா, மாட்டானா?" என்று கேட்டான். அவனுடைய அப்பா வேறு நாட்டில் இருக்கிறார். போவான், பைலோஸ் போவான், ஸ்பார்ட்டா போவான் என்றேன். மறுநாள் வருவதற்குள் அந்தப் பகுதி முழுவதையும் தானே படித்துவிட்டான்.

இப்போது 22-ஆம் காண்டத்துக்கு வந்துவிட்டோம். ஊர் திரும்பிய ஒடிசியஸும் மகனும், பெனலப்பியைக் கட்டிக்கொள்ள வந்தவர்களை எல்லாம் கொன்று முடித்த பிறகு, அவர்களோடு படுத்த 12 அடிமைப் பெண்களைக் கொண்டு பிணங்களை வெளியே தூக்கிப்போட வைக்கிறார்கள். மேசை நாற்காலிகளில் இருக்கும் ரத்தத்தையும் அவர்களே துடைக்க வேண்டும். அப்புறம் அவர்களை வாளால் வெட்டச் சொல்கிறான் ஒடிசியஸ். அது கௌரவமான சாவு, அவர்களுக்கு அது கிடையாது என்று கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கில் மாட்டுகிறான் டெலிமாக்கஸ். கண்ணியில் சிக்கிய பறவைகளைப் போல அவர்கள் கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன என்று பாடுகிறார் ஹோமர்.

இதை விட்டுவிடலாமே என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. வாசலில் விருந்தாளியை வரவேற்ற அதே பிள்ளைதான் இவன், அப்பா! முதல் காண்டத்தைப் படிக்காமல் வந்திருந்தால் மாணவர்கள் இதை யாரோ செய்ததாகக் கடந்து போயிருப்பார்கள். அடிமைக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவர்கள் பெனலப்பியைக் காட்டிக்கொடுத்தார்களே என்றான் ஒருவன். இங்கே பிள்ளைகள் ஆசிரியர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவார்கள். வந்த புதிதில் சங்கடமாக இருந்தது, இப்போது அதற்காகவே வகுப்புக்குப் போகப் பிடிக்கிறது. மணி அடித்தும் தாழ்வாரத்தில் நின்று சண்டை போட்டார்கள்.

கம்பராமாயணத்தில் வாலி வதம் வரும்போது நீங்கள் வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேச வைப்பீர்களே, அந்த ஞாபகம்தான் வந்தது. அடுத்த வாரம் நானும் அப்படி ஒரு வழக்காடு மன்றம் வைக்கப்போகிறேன். டெலிமாக்கஸ்தான் குற்றவாளிக் கூண்டில். கடைசியில் நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்களா, அவர்களிடமே விட்டுவிடுவீர்களா? விவரமாக எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. தம்பியிடம் சொன்னால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவான்.

அன்புடன்,
உங்கள் மகள்