மானிட்டர் விலைச்சீட்டில் இல்லாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குக் கணினி விளையாட்டில் ஈடுபாடு அதிகம். பசுந்தேயிலை விற்ற பணத்தில் மிச்சம் பிடித்து, சென்ற மாதம் கோவையில் ஒரு கடையில் 144 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர் ஒன்றை அவனுக்கு வாங்கினேன். விலை கூடினால் ஆட்டமும் நன்றாக ஓடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். வீட்டில் பொருத்தியபோது, பழைய திரையில் சீராக ஓடிய அதே விளையாட்டு திக்கித் திணறியது.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1920-க்கு 1080 என்ற தெளிவுத்திறனில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 3840-க்கு 2160 என்ற 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நொடிக்குப் பல முறை கணக்கிட்டு வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. 144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக் காத்திருந்தாலும், கார்டு நாற்பது படங்களையே அனுப்பினால், வந்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வேகமான பந்தய, துப்பாக்கி விளையாட்டுகளுக்கு 24 அங்குலத்தில் 1080-ம் 144 ஹெர்ட்ஸும் போதும்; கார்டு வலுவாக இருந்தால் 27 அங்குலத்தில் 1440 (2560-க்கு 1440 புள்ளிகள்) பொருந்தும். நிதானமாகக் காட்சியை ரசித்து ஆடுபவருக்கே, அதுவும் விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தால்தான், 4கே பயன்படும்.

இப்போது அவன் விளையாட்டுக்குள் 1080-ஐத் தேர்ந்தெடுத்தே ஆடுகிறான். 4கே திரையின் நீள அகலங்களில் அது சரிபாதி என்பதால் படம் பெரிதாகக் கெடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் விண்டோஸ் அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற எண், 60-லேயே நின்றிருந்ததை வெகுநாள் நாங்கள் கவனிக்கவில்லை. கணினியையும் திரையையும் இணைக்கும் பழைய எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பில் 4கே படம் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் முழுத் தரத்தில் போகாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

கோவையில் இருப்பவர் மறுநாளே கடைக்குப் போய்க் கேட்கலாம். கோத்தகிரி மலையில் இருக்கும் எங்களுக்கோ மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கிப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஆகவே, எந்த இணைப்பில் எந்தத் தெளிவுத்திறனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்பதைக் கடைக்காரர்கள் விலைச்சீட்டிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். என்ன கார்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட பின்னரே மானிட்டரை எடுத்துக் காட்டவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்