கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கோவை அன்பர் ஒருவர் வைத்திருக்கும் பலூச்சித் தொழுகைக் கம்பளத்தை (பலூச் இனத்தார் பெயரில் விற்கும் வகை) பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. மேல் ஓரத்தில் 1240 என்ற ஹிஜ்ரி ஆண்டு நெய்திருப்பதால் அது 1825-ல் நெய்தது, பாகிஸ்தானின் குவெட்டாப் பக்கத்துச் சரக்கு, நடுவில் இருப்பது ஒட்டக ரோமம் என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டை மாற்றிய கணக்கு மட்டும் சரி. மற்றதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் பவானிக்காரன். ஜமக்காளத் தறிக்குழியில் காலை விட்டு வளர்ந்தவன். பிறகு ஷார்ஜாவில் ஒரு கம்பளக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் பழைய கம்பளங்களுக்கு முடிச்சுப் போட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த உஸ்தாத், அதாவது குரு, ஈரானின் மஷ்ஹத் நகரத்துக்காரர். எந்தக் கம்பளம் வந்தாலும் முதலில் குப்புறப் போடச் சொல்வார். முகத்தைப் பார்த்தால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் கண் போய்விடும் என்பார்.

முதலில் அந்த எண். அரபு எழுத்தில் மூன்றுக்கும் இரண்டுக்கும் ஒரு பல்தான் வித்தியாசம். அந்தப் பல்லில் உள்ள நாலைந்து முடிச்சைப் பிடுங்கிவிட்டுப் பின்னணி நிறத்தில் முடிச்சுப் போட்டால் 1340 என்பது 1240 ஆகிவிடும். அரை மணி நேர வேலை, நூறு வயது கூடிவிடும். எங்கள் கடைக்கே அப்படி ஒன்று வந்தது. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. திருப்பிப் போட்டு விரலால் தடவினேன். மற்ற முடிச்செல்லாம் கூழாங்கல் மாதிரி தேய்ந்து வழவழவென்றிருக்க, அந்த இடத்தில் மட்டும் நாலு முடிச்சு புடைத்துக்கொண்டு நின்றது. செய்தவனும் என்னைப் போல ஒரு பழுது பார்க்கிறவன்தானே என்று அன்றைக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

சரி, அங்கே முதலில் இருந்தது 1340-தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வில்லங்கம் தீராது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு. ஈரானில் 1925-ல் சூரிய ஹிஜ்ரி ஆண்டு அரசாங்கக் கணக்காகிவிட்டது. அதனால் 1340 என்று நெய்திருந்தால் சந்திரக் கணக்கில் அது 1921, சூரியக் கணக்கில் 1961. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பழைய கம்பளத்தைப் பார்த்து எண்ணையும் ஒரு பூவாக நினைத்து நெய்ததும் உண்டு. எண் திரும்பி நிற்கும், தலைகீழாகவும் நிற்கும்.

எண்ணைவிடச் சாயம் நல்ல சாட்சி. உங்கள் படத்தில் ஓரப் பூக்கள் பளீரென்ற ஆரஞ்சாகத் தெரிகின்றன. அச்சு மையை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நேரிலும் அந்த நிறம்தான் என்றால், முடிகளைப் பிரித்து அடிவேர் வரை பாருங்கள். நுனியில் வெளுத்து, அடியில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சாக இருந்தால் அது பெரும்பாலும் ரசாயனச் சாயம். அந்தச் சாயங்களில் முதலாவதே 1856-ல்தான் லண்டனில் பிறந்தது. 1825-ல் நெய்த கம்பளத்துக்கு அது எப்படி வந்தது? பழைய பலூச்சியில் மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் அவுரி நீலமும்தான் ராஜ்ஜியம். கரும்பழுப்புக்கு இரும்பு சேர்ப்பார்கள். இரும்பு நாளடைவில் கம்பளியைத் தின்றுவிடும். அதனால் பழுப்பு இருக்கும் இடம் பள்ளமாகி, பக்கத்துச் சிவப்பு மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். கத்தரியால் அப்படிப் பள்ளம் வெட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

குஞ்சத்தில் ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். குஞ்சம் தனியாகத் தைத்தது அல்ல, பாவு நூலின், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலின், நுனிதான் அது. மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி, காகித வாசனை வந்தால் பருத்தி. பழைய பலூச்சிக்குப் பாவு கம்பளி, இரு பக்கக் கரையும் பெரும்பாலும் வெள்ளாட்டு மயிர். பருத்திப் பாவு என்றால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. மேலும் கீழும் எங்கள் ஜமக்காளம் மாதிரியே முடிச்சில்லாத தட்டை நெசவுப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். நைந்துபோனால் வியாபாரிகள் அதைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள். எனக்கென்னவோ அதுதான் கம்பளத்திலேயே அழகு.

ஊர் விஷயம். பலூச்சி என்றதும் குவெட்டா இருக்கும் பலூசிஸ்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் முடிச்சுக் கம்பளங்கள் பெரும்பாலும் வடகிழக்கு ஈரானின் குராசானிலும், சீஸ்தானிலும், ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கத்திலும் நெய்தவை. அந்தப் பக்கத்து இன்னொரு இனக்குழுவான தைமூரிகள் நெய்ததும் சந்தையில் பலூச்சி என்ற பெயரில்தான் போகும். அன்பரின் தாத்தா குவெட்டாக் கடைத்தெருவில் வாங்கியிருக்கலாம். வாங்கிய ஊர் வேறு, நெய்த ஊர் வேறு. ஒட்டக ரோமமும் அப்படித்தான். அந்த நிறத்து ஆட்டுக் கம்பளியைத்தான் பல சமயம் அப்படிச் சொல்லி விற்பார்கள்.

கார்பன் சோதனைக்கு அனுப்பப் போவதாக அன்பர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட கம்பளியைப் பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் ஆகாது. காசும் போகும், ஒரு துண்டு கம்பளியும் போகும்.

பலூச்சிகளில் 1850-க்கு முந்தியது கிடைப்பது மிக அரிது. இது 1921-ஐச் சேர்ந்ததாக இருந்தாலும் நல்ல கம்பளமே. படத்தில் அந்தக் கம்பளியின் மினுமினுப்பு தெரிகிறது. எண் இருக்கும் இடத்தின் பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். முடிச்சு புடைக்காமல் இருந்தால் அடுத்த பஸ் பிடித்துக் கோவைக்கு வந்து பார்க்கிறேன். என் முகவரி இந்தக் கடித உறையின் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
பவானி வாசகர்