எல்லாவற்றுக்கும் ‘ஸ்டியரிங் ராடு’ என்றே பில் போட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கனரக வாகன சர்வீஸ் மற்றும் உதிரிபாக நிறுவனம்.

பொருள்: முன் ஆக்சிலில் பாகத்தின் பெயரைத் தவறாகக் குறித்ததால், பழுதில்லாத பாகங்களை இரண்டு முறை மாற்றி, பழுதை அப்படியே விட்டது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் சொந்த லாரியை நானே ஓட்டுகிறவன். இரண்டு மாதத்துக்குள் ஒரே குறையோடு உங்கள் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை வந்தேன். பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்பக்க இடது சக்கரம் உதறும். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அடங்கும். இரண்டு தடவையும் வேலை பார்த்துக் கொடுத்தீர்கள், நானும் பணம் கட்டினேன். இரண்டு தடவையும் உதறல் என்னோடுதான் திரும்பி வந்தது.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் “முன் சக்கரம் ஆடுது” என்று மட்டும்தான் சொன்னேன். அதை உங்கள் ஊழியர், செய்ய வேண்டிய வேலையை எழுதும் அட்டையான ஜாப் கார்டில் “ஸ்டியரிங் ராடு லூஸ்” என்று எழுதினார். உள்ளே வேலை செய்த மெக்கானிக் என்னைப் பார்க்கவே இல்லை; அவர் பார்த்தது அந்த அட்டையைத்தான். டிராக் லிங்கைக் கழற்றிப் புதிது போட்டுவிட்டார். பில்லில் “ஸ்டியரிங் ராடு – 1”. இரண்டாம் முறை டை ராடின் இரு முனை மூட்டுகளை, அதாவது டை ராடு எண்டு இரண்டையும் மாற்றினார்கள். அந்தப் பில்லிலும் “ஸ்டியரிங் ராடு எண்டு – 2”. என்னென்ன மாற்றினீர்கள் என்று இரண்டு பில்லையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் விளங்காது.

டிராக் லிங்க், டை ராடு இரண்டும் வெவ்வேறு வேலைக்கு உள்ளவை. டிராக் லிங்க் நீளவாக்கில் போகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கையான டிராப் ஆர்மில் தொடங்கி, ஓட்டுநர் பக்கத்து ஸ்டப் ஆக்சிலில் (சக்கரத்தைத் தாங்கி, அதோடு சேர்ந்து திரும்பும் பாகம்) இருக்கும் ஆர்மைப் பிடிக்கிறது. அது தேய்ந்தால் ஸ்டியரிங் வளையத்தில் வெற்று ஆட்டம் வரும். கையைத் திருப்பினாலும் சக்கரம் உடனே கேட்காது. டை ராடு குறுக்குவாக்கில், இரண்டு பக்கத்து ஸ்டப் ஆக்சிலையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அது தேய்ந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றுபோல் திரும்பாது, டோ (இரண்டு முன் சக்கரமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் அளவு) கெடும். என் வண்டியில் உதறியது இடது சக்கரம். நான் உட்காருவது வலது பக்கம். டிராக் லிங்க் அந்தச் சக்கரத்தைத் தொடுவதே இல்லை! பெயரைச் சரியாக எழுதியிருந்தால் இதை யாராவது ஒருவர் யோசித்திருப்பார்.

கடைசியில் வேறொரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் பாகம் எதையும் கழற்றவில்லை. முன்பக்கத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஆக்சில் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பினார், ஆட்டம் இருந்தது. “நீங்க ஏறி பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க” என்றார். மிதித்தேன். மறுபடி நெம்பினார். ஆட்டம் குறையவே இல்லை. பிரேக் பிடித்திருக்கும்போது சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பும் ஸ்டப் ஆக்சிலும் ஒரே கட்டையாகிவிடும், வீல் பேரிங் ஆட்டமாக இருந்தால் அப்போது தெரியாது. அதற்கு மேலும் ஆடினால், ஸ்டப் ஆக்சிலை பீமோடு இணைக்கும் கிங் பின்தான் என்றார். அப்புறம் என்னை இறக்கி, இன்னொருவரை ஏற்றிவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். ஒவ்வொரு நெம்பலுக்கும், கிங் பின் நுழையும் பீமின் கண்ணுக்கு மேலே ஸ்டப் ஆக்சில் ஒரு நூல் விலகிச் சேர்ந்தது. அந்த இடுக்கில் பழைய கிரீஸ் கறுத்துக் காய்ந்து கிடந்தது. இதைப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழற்றியபோது, கிங் பின்னைச் சுற்றி ஸ்டப் ஆக்சிலுக்குள் இருக்கும் உறையான மேல் புஷ் ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் தகடு போலவும் தேய்ந்திருந்தது. கிங் பின்னை பீமோடு லாக் பின் இறுக்கிப் பிடித்திருக்கும். அதைச் சுற்றி ஸ்டப் ஆக்சில்தான் திரும்பும். அதனால் கிரீஸ் போகாவிட்டால் தேய்வது புஷ்தான். கிரீஸ் ஏற்றும் மேல் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்துப் பார்த்தார், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. துளை அடைத்து இறுகிவிட்டது. ஆனால் உங்கள் இரண்டு பில்லிலும் “முன் ஆக்சில் கிரீஸ்” என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இருக்கிறது. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடித்தால்தான் கிரீஸ் போட்டதாக அர்த்தம். இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. டை ராடு எண்டு மாற்றினால் டை ராடின் மொத்த நீளம் கொஞ்சமாவது மாறும். ஒரு முனையில் இடது மரை, மறுமுனையில் வலது மரை வைத்திருப்பதே நடுவில் இருக்கும் குழாயைத் திருப்பி டோ சரிசெய்வதற்காகத்தான். நீங்கள் டோ அளக்கவில்லை. பில்லிலும் அலைன்மென்ட் என்ற சொல்லே இல்லை. இரண்டு முன் டயரிலும் தரையில் படும் ரப்பர் கட்டைகளான பட்டன்களை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று இருக்கிறது, திருப்பித் தடவினால் விளிம்பு கையைக் கீறுகிறது. எண்டு மாற்றுவதற்கு முன்னால் அப்படி இல்லை. புது டயர்கள் அவை.

உங்கள் உதிரிபாக கவுண்டரிலும் இதே குழப்பத்தைப் பார்த்தேன். கிங் பின் செட் கேட்டேன். எந்த வண்டி, எந்த ஆக்சில் என்று ஒரு கேள்வியும் இல்லாமல், டிரெய்லரை, இழுக்கும் வண்டியின் ஃபிப்த் வீல் தட்டில் மாட்டும் 50 மில்லிமீட்டர் கிங் பின்னை எடுத்து மேசையில் வைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்? ஸ்டப் ஆக்சிலை நக்கிள் என்பவர்கள் உண்டு. டிராப் ஆர்மைப் பிட்மேன் ஆர்ம் என்பார்கள், டை ராடை டிராக் ராடு என்பார்கள். அந்த டிராக் ராடும் டிராக் லிங்கும் தமிழில் எழுதினால் ஒன்று போலவே தெரியும். எந்தப் பெயரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்; எந்த இடத்தில் இருக்கும் எந்தப் பாகம் என்பது அட்டையில் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான். தேவையில்லாமல் மாற்றிய டிராக் லிங்குக்கும், போடாத கிரீஸுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். டை ராடு எண்டு பழசு எந்த நிலையில் இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. கழற்றியவை உங்களிடம் இருந்தால் காட்டுங்கள், உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க மாட்டேன். டோ பார்க்காததால் கெட்ட இரண்டு டயருக்கு ஈடு தாருங்கள். இனிமேல் முன் ஆக்சில் வேலைக்கு வரும் எந்த வண்டிக்கும் ஜாப் கார்டில் “ஸ்டியரிங் ராடு” என்று எழுத விடாதீர்கள். ஆக்சில் படம் ஒன்றை அட்டையிலேயே அச்சடித்து, பழுதான பாகத்தை வட்டமிடச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கி நெம்பிப் பார்க்கும்போது ஓட்டுநரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

இரண்டு மாதம் அந்தச் சக்கரத்தோடுதான் முழு லோடு ஏற்றி ஓட்டினேன். சரியாகிவிட்டது என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் ஓட்டினேன்.

இரண்டு பில்லின் நகலும், டயரின் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தேய்ந்த புஷ் என்னிடம் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்